மீன் முட்டைக்குள் ஒரு மரபணுவை வாயடைத்தால் என்ன ஆகும்? முட்டுக்காடு கொடுவா முதல் மருத்துவமனை ரிப்போர்ட் வரை

ஈசிஆரில் மாமல்லபுரம் போகிறவர்களுக்கு முட்டுக்காடு என்றால் படகு குழாம்தான் ஞாபகம் வரும். அதே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின், அதாவது சிபாவின், சோதனை நிலையம் இருப்பது பலருக்குத் தெரியாது. கடலிலும் கழிமுகத்திலும் பிடித்தால்தான் கொடுவா என்றிருந்த காலத்தில், தொட்டிக்குள்ளேயே கொடுவாவை முட்டையிட வைத்து இந்தியாவிலேயே முதல்முறையாகக் குஞ்சு பொரிக்க வைத்தது இந்த நிறுவனம். அது 1997-ல். பால்மீனை அப்படி முட்டையிட வைக்க 2015 வரை ஆனது.

2025 மே மாதம் மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த டிஆர்ஆர் தான் 100 என்ற கமலா, இன்னொன்று பூசா டிஎஸ்டி ரைஸ் 1. அதற்குப் பிறகு அடிக்கடி வரும் கேள்வி, "நெல்லுக்கு அடுத்து மீனா? கோவளம் ஓட்டலில் தட்டில் வைக்கும் கொடுவாவும் மாறிடுமா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு வருவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனையைப் புரிந்துகொள்ள வேண்டும். மீன் முட்டை கருவான முதல் சில நிமிடங்களில் ஒரு மரபணுவின் வேலையைத் தற்காலிகமாகக் குறைத்து, கரு எப்படி வளர்கிறது என்று பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் இதை 'நாக்டவுன்' என்கிறார்கள். தமிழில் 'மரபணு ஒடுக்கம்' என்று சொல்லலாம். கேட்க ஏதோ ஆய்வக சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் இந்தச் சோதனையில் வரும் தவறு ஒரு குடும்பத்தின் பிள்ளைப்பேறு முடிவு வரை போய் நிற்கக்கூடியது.

நாக்டவுன் வேறு, நாக்அவுட் வேறு

வீட்டு பீரோவுக்குள் பாட்டி எழுதிய சமையல் நோட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டிஎன்ஏ. நோட்டை யாரும் அடுப்பங்கரைக்கு எடுத்துப் போவதில்லை. அன்றைக்குத் தேவையான குறிப்பை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போவார்கள். அந்தச் சீட்டுதான் எம்ஆர்என்ஏ. கோவிட் தடுப்பூசி சமயத்தில் கேட்ட அதே எம்ஆர்என்ஏ. சீட்டைப் பார்த்துச் சமைத்து வரும் சாம்பார்தான் புரதம்.

நோட்டில் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டால் அது நாக்அவுட். கிரிஸ்பர் கத்தரி செய்வது இதைத்தான். பேரன் பேத்தி வரை அந்தப் பக்கம் இருக்காது. நோட்டைத் தொடாமல், அடுப்பங்கரைக்கு வரும் சீட்டின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிப் படிக்க முடியாமல் செய்தால் அது நாக்டவுன். ஸ்டிக்கர் சில நாளில் தீர்ந்துவிடும். டிஎன்ஏ அப்படியே இருக்கும்.

மீன் கருவில் இந்த ஸ்டிக்கருக்குப் பெயர் மார்ஃபோலினோ. சுமார் 25 எழுத்து நீளமுள்ள, ஆய்வகத்தில் செய்த ஒரு மூலக்கூறு. ஜேம்ஸ் சம்மர்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருவாக்கியது. 2000-ம் ஆண்டு நாசெவிசியஸ், எக்கர் என்ற இருவர் இது ஜீப்ரா மீன் கருவில் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டிய பிறகு உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதை எடுத்துக்கொண்டன.

ஏன் ஜீப்ரா மீன்?

நம்ம ஊர் மீன் என்பது முதல் காரணம் இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். கங்கைப் படுகை மீன்களைப் பற்றி 1822-ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் எழுதிய புத்தகத்தில்தான் இதற்கு முதன்முதலாக அறிவியல் பெயர் வந்தது. கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் அதே கோடு போட்ட குட்டி மீன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆய்வக மீனாக ஆக்கினார். இன்று கட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம் வளாகத்திலும் இந்த மீனில் நச்சுத்தன்மை, மருந்துச் சோதனைகள் நடக்கின்றன.

உண்மையான காரணம், கரு கண்ணாடி மாதிரி இருக்கும் என்பதுதான். தாயின் வயிற்றுக்குள் இல்லை, வெளியே தண்ணீரில் வளர்கிறது. 28.5 டிகிரி வெப்பத்தில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகும். அதன் பிறகு கால் மணிக்கு ஒருமுறை இரட்டிப்பு. மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் செல்கள். ஒரு நாளில் இதயம் துடிக்க ஆரம்பிக்கும், மைக்ராஸ்கோப்பில் ரத்தம் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த மீனில் ஒரு ஜோடி இருக்கிறது என்று 2013-ல் வெளியான மரபணு வரைபடம் காட்டியது.

எப்படிச் செய்கிறார்கள்?

விளக்கு எரிந்ததும் மீன்கள் முட்டையிடும். முட்டைகளைச் சேகரித்து, அகரோஸ் என்ற ஜெல்லியில் வரப்பு மாதிரிப் போட்ட பள்ளத்தில் வரிசையாக அடுக்குவார்கள். முடியை விட மெல்லிய கண்ணாடி ஊசி. ஒரு முட்டைக்குள் போவது சுமார் ஒரு நேனோ லிட்டர், அதாவது ஒரு மில்லியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கரு ஒன்று முதல் நான்கு செல் நிலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஸ்டிக்கர் எல்லா செல்லுக்கும் பரவும். கையில் இருப்பது ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சிக்கல். முதல் சில மணி நேரம் கரு தன் சொந்த மரபணுவை வைத்து வாழ்வதில்லை. தாய் முட்டைக்குள் கட்டிக் கொடுத்த சீதனத்தில்தான் வாழ்கிறது. சீட்டும் தாய் கொடுத்தது, பாதிச் சமையலும் தாய் முடித்துக் கொடுத்தது. ஸ்டிக்கர் சீட்டைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சமைத்து வைத்த சாம்பாரை என்ன செய்ய முடியும்? அதனால் 'மரபணுவை ஒடுக்கினோம், ஒன்றும் ஆகவில்லை, ஆகவே அது முக்கியமில்லை' என்ற முடிவு பல நேரம் தப்பாகிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் பெரியது. அதுதான் பத்து வருடம் முன்பு இந்தத் துறையையே உலுக்கியது.

2015-ல் வந்த அதிர்ச்சி

அமெரிக்காவில் நேதன் லாசனின் குழு இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை எடுத்துக்கொண்டு, நோட்டுப் பக்கத்தையே கிழித்த மீன்களை உருவாக்கியது. ஸ்டிக்கர் ஒட்டிய கருவில் பார்த்த கோளாறு இந்த மீன்களிலும் வர வேண்டும் இல்லையா? பெரும்பாலும் வரவில்லை. ஸ்டிக்கர் முறையில் சொல்லப்பட்ட கோளாறுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் கிழித்த மீன்களில் காணப்படவில்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது. அதற்கு முன் பதினைந்து வருடமாக இந்த முறையை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனை!

ஒரு காரணம் ஏற்கெனவே தெரிந்ததுதான். அந்நிய மூலக்கூறு உள்ளே போனதும் சில கருக்களில் பி53 என்ற அபாய மணி அடிக்கும், நரம்பு செல்கள் மடியும் என்று 2007-லேயே சொல்லியிருந்தார்கள். தலை சின்னது, கண் சின்னது, முதுகு வளைவு, இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல். அதிக டோஸ் போட்டால் எந்த மரபணுவாக இருந்தாலும் கரு இப்படித்தான் ஆகும். அதைப் பார்த்து 'இது மூளை வளர்ச்சி மரபணு' என்று எழுதினால் அது ஊசியின் கதை, மரபணுவின் கதை இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை, இங்கேதான் திருப்பம். அதே 2015-ல் ஜெர்மனியில் டிடியர் ஸ்டைனியர் குழு ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட இஜிஎஃப்எல்7 என்ற மரபணுவைப் பார்த்தது. ஸ்டிக்கர் ஒட்டினால் ரத்தக்குழாய் சிதைகிறது. பக்கத்தைக் கிழித்தால் மீன் நன்றாக இருக்கிறது. அப்போ ஸ்டிக்கர் விஷமா? சோதிக்க அவர்கள் செய்தது எளிமையான, புத்திசாலித்தனமான ஒரு காரியம். கிழித்த மீனின் கருவிலேயே ஸ்டிக்கரையும் செலுத்தினார்கள். விஷமாக இருந்தால் அதுவும் சிதைந்திருக்க வேண்டும். சிதையவில்லை. கிழித்த மீனில் எமிலின் என்ற உறவுக்கார மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டியிருந்தன.

நம் சமையல் கதையில் சொன்னால், பக்கம் கிழிந்து அரைகுறைச் சீட்டு வந்தபோது அடுப்பங்கரை உஷாராகி, சாம்பாருக்குப் பதில் காரக்குழம்பை வைத்துச் சமாளித்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டில் அந்த எச்சரிக்கையே போகவில்லை, அதனால் அன்று குழம்பே இல்லை. அரைகுறைச் சீட்டு அழிக்கப்படும்போதுதான் அந்த உஷார் சமிக்ஞை கிளம்புகிறது என்று 2019-ல் மேலும் ஆய்வுகள் காட்டின.

ஆக, ஸ்டிக்கர் முறை பொய் என்று தூக்கிப் போடவும் முடியாது, கண்ணை மூடி நம்பவும் முடியாது. என் பார்வையில் இது துறைக்கு நேர்ந்த அவமானம் இல்லை. தன் கருவியைத் தானே சந்தேகப்பட்ட நேர்மை. 2017-ல் துறையின் முன்னணி ஆட்கள் சேர்ந்து வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டார்கள்.

நம்பகமான சோதனை எப்படி இருக்கும்?

சிறந்த உதாரணம் நம் தோல் நிறத்தோடு சம்பந்தப்பட்டது. 'கோல்டன்' என்று வெளிறிய நிறத்தில் ஒரு ஜீப்ரா மீன் வகை உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 2005-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீத் செங் குழு கண்டுபிடித்தது. பெயர் எஸ்எல்சி24ஏ5. சாதாரண மீன் கருவில் அந்த மரபணுவை ஒடுக்கியதும் அது வெளிறியது. அது பாதி ஆதாரம். பிறகு வெளிறிய மீனின் கருவில் சரியான சீட்டைச் செலுத்தினார்கள், கருநிறம் திரும்ப வந்தது. மனிதனின் சீட்டைச் செலுத்தினாலும் வந்தது! இதற்கு 'மீட்புச் சோதனை' என்று பெயர். கெடுத்துக் காட்டுவது சுலபம், சரிசெய்து காட்டுவதுதான் நிரூபணம். இதே மரபணு தெற்காசியர்களின் நிற வேறுபாட்டில் என்ன பங்கு வகிக்கிறது என்று ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் குழு 2013-ல் ஆராய்ந்தது தனிக் கதை.

மீட்புச் சோதனை ஒன்று. ஒரே சீட்டின் வேறொரு இடத்தில் ஒட்டும் இரண்டாவது ஸ்டிக்கரும் அதே விளைவைத் தருகிறதா என்பது இன்னொன்று. எழுத்து மாற்றிய டம்மி ஸ்டிக்கர் போட்ட கரு நன்றாக இருக்கிறதா, பக்கம் கிழித்த மீனோடு ஒப்பிட்டார்களா, எந்தத் தட்டில் எது என்று தெரியாமல் எண்ணினார்களா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தாய் மீனின் முட்டையை மட்டும் வைத்து முடிவு சொன்னால் அது பெரும்பாலும் அந்த முட்டையின் தரத்தைப் பற்றிய முடிவாகத்தான் இருக்கும்.

புது ஸ்டிக்கர்களும் வருகின்றன. 2020-ல் ஸ்பெயின், அமெரிக்க ஆய்வாளர்கள் காஸ்13டி என்ற கத்தரியை ஜீப்ரா மீன், மெடாக்கா, கில்லிமீன், எலிக் கருக்களில் பயன்படுத்தினார்கள். அது நோட்டை விட்டுவிட்டு சீட்டை மட்டும் வெட்டும்.

சரி, இதுல நமக்கென்ன?

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாக தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் இருவரிடமும் ஒரே பழுதான பக்கம் இருக்க வாய்ப்பு கூடும். ஒரு பேச்சுக்கு, செங்கல்பட்டில் ஒரு தம்பதி. முதல் குழந்தைக்குப் பெயர் தெரியாத நோய். பல ஆயிரம் செலவழித்து மரபணுப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டில் வருவது, 'ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் உறுதியாகவில்லை' என்ற வரி. அடுத்த குழந்தை வயிற்றில். இந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணம் என்றால் கருவில் பரிசோதித்து முடிவெடுக்கலாம். இல்லையென்றால் தவறான தைரியம், அல்லது தேவையில்லாத கருக்கலைப்பு.

இந்த இடத்தில்தான் மீன் கரு வருகிறது. மீனில் அந்த மரபணுவை ஒடுக்குவார்கள். பிறகு மனிதனின் நல்ல சீட்டைக் கொடுத்து மீட்பார்கள். அடுத்து, குழந்தையிடம் உள்ள மாற்றத்தோடு கூடிய சீட்டைக் கொடுப்பார்கள். நல்ல சீட்டு மீட்கிறது, குழந்தையின் சீட்டு மீட்கவில்லை என்றால் அந்த மாற்றம் பழுதானது என்று பொருள். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் 2015 வழிகாட்டுதல், முறையாக நிறுவப்பட்ட இத்தகைய செயல்பாட்டுச் சோதனையை வலுவான ஆதாரமாக ஏற்கிறது. 'முறையாக' என்பதுதான் முக்கிய வார்த்தை. வெறுமனே 'ஒடுக்கினோம், மீன் வளைந்தது' என்ற கட்டுரையை மேற்கோள் காட்டும் ரிப்போர்ட் கையில் இருந்தால், "மீட்புச் சோதனை செஞ்சாங்களா டாக்டர்?" என்று மரபணு ஆலோசகரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கடற்கரைக்கு வருவோம்

ஜீப்ரா மீனில் சுலபமாக இருப்பது கொடுவாவில் அப்படி இல்லை. கொடுவா முட்டை மிதக்கும், உள்ளே ஒரு எண்ணெய்த் துளி. முக்கால் மில்லி மீட்டர் அளவுதான். 16 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஹேச்சரியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், மிதக்கும் முட்டை தேறும், அடியில் படிவது தேறாது. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் இட்டாலும் முதல் சில நாளில் போவது ஏராளம். அந்த முதல் மணி நேரங்கள் தாயின் சீதனத்தில் ஓடுகின்றன என்று பார்த்தோம் அல்லவா? தாய் மீனின் தீனியிலும் நலத்திலும் ஹேச்சரிகள் அவ்வளவு கவனம் வைப்பது இதனால்தான்.

இந்தியாவில் உணவு மீனில் மரபணு வெட்டும் முயற்சி நடந்தது புவனேஸ்வரில். நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிஃபாவின் விஞ்ஞானிகள் ரோகு மீன் கருவில் நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட டிஎல்ஆர்22 என்ற மரபணுவைக் கிரிஸ்பர் மூலம் முடக்கி 2016-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறியும் ஆய்வு அது. சந்தைக்கான மீன் இல்லை.

வணிகரீதியாக அதிகம் பேசப்படுவது 'டெட் எண்ட்' என்ற மரபணு. பெயரே விஷயத்தைச் சொல்கிறது. கருவில் இதை ஒடுக்கினால் இனப்பெருக்க செல்கள் உருவாகாது, மீன் மலடாக வளரும். பண்ணையிலிருந்து தப்பி ஆற்றிலோ கடலிலோ கலந்தாலும் சந்ததி கிடையாது. நார்வேயில் சால்மனில் 2016-ல் இதைக் கத்தரியால் செய்தார்கள். நிறம் தரும் மரபணுவையும் கூடவே வெட்டினார்கள். வெளிறிய மீனைப் பார்த்தாலே வெட்டு விழுந்ததா என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் மேரிலாந்தில் வோங், சோஹர் இருவரும் 2015-ல் இன்னும் சுவாரசியமான வழி காட்டினார்கள். ஜீப்ரா மீன் முட்டைகளில் ஊசியே போடாமல், ஸ்டிக்கர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தே மலட்டு மீனை உருவாக்கினார்கள். டிஎன்ஏ மாறவில்லை. லட்சக்கணக்கான முட்டைக்கு ஒவ்வொன்றாக ஊசி போட எந்த ஹேச்சரியாலும் முடியாது என்பதால் இது முக்கியமான படி.

மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரையிலான கரையோரத்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் உண்டு. அங்கே ஒரு பழைய வழக்கம், தாய் இறாலின் ஒரு கண் தண்டை வெட்டுவது. சினையை அடக்கி வைக்கும் ஹார்மோன் கண் தண்டில்தான் சுரக்கிறது. அதை நீக்கினால் சீக்கிரம் முட்டை பிடிக்கும். கேட்கவே சங்கடமான காரியம். வெளிநாட்டு வாங்குபவர்கள் சிலர் இப்போது கண் வெட்டாத இறால்தான் வேண்டும் என்கிறார்கள். தாய்லாந்து ஆய்வாளர்கள் 2011-ல் அந்த ஹார்மோனின் சீட்டை மட்டும் இரட்டை இழை ஆர்என்ஏ கொண்டு ஒடுக்கி, கண்ணை வெட்டாமலே வரி இறாலைச் சினையாக்கி முட்டையிட வைத்தார்கள். மரபணு ஒடுக்கம் இந்தக் கரைக்கு எந்த வழியாக முதலில் வரும் என்று கேட்டால், என் கணிப்பு கொடுவா முட்டை இல்லை, இந்த இறால் கண்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி மரபணு எதுவும் சேர்க்காமல் திருத்தப்பட்ட செடிகளுக்குச் சில கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. கமலா நெல் வந்த வழி அதுதான். அந்த விலக்கு செடிக்கு மட்டும். மீனுக்கு இல்லை. மரபணு திருத்திய மீன் இங்கே 1989-ம் ஆண்டு விதிகளின் முழு வளையத்துக்குள்தான் வரும்.

ஜப்பானில் நிலைமை வேறு. கியோட்டோவைச் சேர்ந்த ரீஜனல் ஃபிஷ் நிறுவனம், தசை வளர்ச்சிக்குத் தடை போடும் மரபணுவை நீக்கிய சிவப்பு கடல் பிரீம் மீனையும், பசி அடங்கும் மரபணுவை நீக்கிய பேத்தை மீனையும் 2021-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேறு மீனின் மரபணுவைச் சேர்த்த அமெரிக்க அக்வாபவுண்டி சால்மனோ, 2015-ல் அனுமதி வாங்கியும் நிலைக்கவில்லை. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது.

தமிழகக் கரையில் இந்தப் பேச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. இறால் பண்ணைகளால் நிலமும் குடிதண்ணீரும் உப்பானதை எதிர்த்து காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடலோர மீன்வளர்ப்பு ஆணையம் 2005-ல் சட்டமானது அதன் தொடர்ச்சி. வனாமி இறால் 2009-ல் அனுமதிக்கப்பட்டபோதும், இறக்குமதித் தாய் இறால்கள் நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தைத் தாண்டித்தான் ஹேச்சரிக்குப் போக முடியும் என்று வைத்தார்கள்.

இப்போதைக்கு கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ நீங்கள் வாங்கும் கொடுவா கடலிலோ கழிமுகத்திலோ பிடித்ததாக இருக்கும், அல்லது ஹேச்சரிக் குஞ்சை வளர்த்ததாக இருக்கும். ஹேச்சரிக் குஞ்சு என்றால் மரபணு மாற்றியது என்று அர்த்தமில்லை. தாய் மீனுக்கு ஹார்மோன் கொடுத்து முட்டையிட வைக்கிறார்கள், முட்டையின் மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை.